ஆறரை மணி ஆட்டோமேட்டிக்

எட்டு மாதம் நான் ஆட்டோமேட்டிக்காக இருந்தேன். இதை வெளியில் சொல்ல இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. அப்போதிருந்த மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்பதும் ஒரு காரணம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் என்று பலகை தொங்கும் அறைக்குள் நுழைந்தால் நான் ஒருத்திதான் இருப்பேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவு மெஷின் யாருடைய கட்டைவிரலையாவது தெரியாது என்று சொல்லிவிட்டாலும் என்னைத்தான். மேனேஜர் தன் மகளுக்கு வாங்கிய போனில் தமிழ் எழுத்து வராவிட்டால்கூட நான்தான் போய் நிற்க வேண்டும். இத்தனை வருஷத்தில் "நான் ஒண்ணுமே பண்ணல மேடம், அதுவா போய்டுச்சி" என்று எத்தனை பேர் என்னிடம் புளுகியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. எல்லாரையும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அந்தப் பாவம்தான் என்னைப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

எங்களுக்குத் தோல், வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு டேனரியிலிருந்து வரும். காலை ஏழரைக்கு லாரி வந்து நிற்கும்போது, எந்தக் கட்டு எந்த டிரம்மில் சாயம் ஏறியது, என்ன ஷேடு என்ற லிஸ்டு கட்டிங் பிரிவின் கையில் இருக்க வேண்டும். லிஸ்டு இல்லாமல் குத்துமதிப்பாக வெட்டினால் இடது கால் ஷூ காபி நிறத்திலும் வலது கால் ஷூ டீ நிறத்திலும் வந்து சேரும். முன்பெல்லாம் லிஸ்டை லாரி டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அவர் அதில் வடையைச் சுருட்டி வைத்திருப்பார். எண்ணெய் ஊறிய இடத்தில் ஏழா ஒன்றா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதற்குள் கட்டிங் சூப்பர்வைசரின் ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

"இதை ஆட்டோமேட்டிக் பண்ணுங்க மேடம்" என்றார் மேனேஜர்.

பண்ணினேன். வரிசையாகச் சில கட்டளைகளை எழுதி ஒரு சின்னக் கோப்பில் வைத்தேன். ஸ்கிரிப்ட் என்பது அவ்வளவுதான். அது எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பி, வாணியம்பாடி டேனரியின் கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்து, அங்கே மெஷினே எழுதி வைப்பதாகச் சொன்ன லிஸ்டை எடுத்துக்கொண்டு திரும்பி வரும். கட்டிங் பிரிவுக்கு அதை மெயிலில் அனுப்பிவிட்டு, டேனரிக்கு "பெற்றுக்கொண்டோம், நன்றி" என்று இன்னொரு மெயிலும் போடும். நான் கையால் தட்டி ஓட்டினால் பிரமாதமாக ஓடியது. தினமும் காலை ஆறரைக்குத் தானாக ஓடும்படி நேரம் குறித்து வைத்தால் மட்டும் ஓடவில்லை.

முதல் நாள் ஓடவில்லை என்றதும், வீட்டிலிருந்தே என் லேப்டாப் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போய்க் கையால் தட்டி அனுப்பிவிட்டு, சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆபீசுக்குப் போனேன். போனால் மீட்டிங். கட்டிங், தையல், பேக்கிங் என்று எல்லாப் பிரிவுத் தலைகளும் உட்கார்ந்திருக்க, மேனேஜர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"கரெக்டா ஆறரைக்கு மெயில் வந்துச்சி. அதுவா வந்துச்சி இல்ல மேடம்?"

தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டல்தான் நான் செய்த தப்பு. எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிய பிறகு தலையைத் திரும்ப எதிர்ப்பக்கம் ஆட்ட முடியுமா? அடுத்த வாரமே சான்றிதழ் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்து, பரிசாக ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். வெளிநாட்டுக் கஸ்டமர்கள் வரும்போதெல்லாம் மேனேஜர் என் அறை வாசலில் அவர்களை நிறுத்தி, நான் ஏதோ ராக்கெட் விட்டவள் மாதிரி அறிமுகம் செய்துவைப்பார். நான் அடக்கமாகச் சிரிப்பேன். அடக்கத்துக்கு என்ன காரணம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்குச் சமையலறை மேடையில், தோசை மாவுப் பாத்திரத்துக்கும் மிக்சிக்கும் நடுவில், லேப்டாப்பைத் திறந்து வைத்துத் தட்டுவேன். சில நாள் ஒரே தட்டில் போய்விடும். சில நாள் வாணியம்பாடி பதில் சொல்லாது. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி தட்டுவேன். சட்னிக்குத் தாளித்துவிட்டு இன்னொரு தட்டு. எப்படியும் ஏழுக்குள் போய்விடும். மெயிலின் அடியில் "இது தானியங்கி மெயில், பதில் அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வரி வேறு சேர்த்திருந்தேன். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

என் கணவர் அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியார். நாளெல்லாம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தலாகத்தான் பேசுவார். ஒருநாள் தோசை கருகியபோது, "மெஷினுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு சொல்லியே வித்திருக்கணும்" என்றார்.

டிசம்பரில் வயிற்றின் வலப்பக்கம் சுருக்கென்று பிடித்தது. கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்தேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றவள் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டேன். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பித்தப்பையில் கல், எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். ஜனவரியில் பொங்கல் கழிந்து ஒரு தேதி கொடுத்தார்கள்.

"காலையில ஆறு மணிக்குத் தயார்ப்படுத்துவோம். ஏழுக்கு ஆபரேஷன்" என்றார் டாக்டர்.

"டாக்டர், ஒன்பது மணிக்கு வச்சிக்கலாமா?"

"ஏம்மா?"

"ஆறரைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சுவரிலிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தார். ஏழு மணி ஏழு மணியாகவே இருந்தது.

மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த ஒருத்தி எப்படித் தட்டுவாள்? அதற்குப் பிறகும் பத்து நாள் லீவு. அந்தப் பத்து நாளில் முதல் நாள் காலையே குட்டு உடைந்துவிடும். வேலை போய்விடும் என்று நான் பயப்படவில்லை. அந்தச் சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றும் காட்சிதான் கண்முன் வந்துகொண்டே இருந்தது. நான் வாங்கு வாங்கென்று வாங்கிய அத்தனை பேரும் வரிசையாக நின்று, "நீங்க ஒண்ணுமே பண்ணலையா மேடம்?" என்று கேட்பார்கள். அதை நினைத்தால் பித்தப்பை வலியே தேவலை என்று தோன்றியது. கையில் இருந்தது இரண்டு வாரம். எட்டு மாதச் சோம்பலை மூட்டை கட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

தானாக ஓட வேண்டிய வேலை ஓடாவிட்டால் கம்ப்யூட்டர் சும்மா இருப்பதில்லை, தனக்குள்ளேயே ஒரு தபால்பெட்டியில் புகார் எழுதிப் போட்டுவிடும். அந்தப் பெட்டியை நான் திறந்ததே கிடையாது. திறந்தேன். ஆறரை மணிக்கு ஓட வேண்டும் என்று நான் குறித்து வைத்ததை நான் நீக்கவே இல்லையல்லவா? அது எட்டு மாதமும் தினமும் ஓடித் தினமும் தோற்றிருக்கிறது. நாளுக்கு ஒன்றாக, ஒரே விஷயத்தைச் சொல்லும் புகார்கள். மூலைக்கு மூலை நான் ஆட்டோமேட்டிக் என்று மார்தட்டிக்கொண்டிருந்தபோது இது யாரிடமும் சொல்லாமல் இங்கே அழுதுகொண்டிருந்திருக்கிறது.

புகார் நியாயமானதுதான். டேனரி கம்ப்யூட்டருக்குள் நுழைய என்னிடம் ஒரு சாவி உண்டு. சாவி என்றால் இரும்பு இல்லை, அதுவும் ஒரு கோப்புதான். பாதுகாப்புக்காக அந்தச் சாவிக்கு ஒரு ரகசியச் சொல் வைத்திருந்தேன். நான் லாகின் செய்து அதை ஒரு தடவை அடித்துவிட்டால், நான் இருக்கும்வரை கம்ப்யூட்டர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதனால்தான் நான் தட்டினால் ஓடுகிறது. ஆறரைக்குத் தானாகக் கிளம்பும்போது நான் அங்கே இல்லை. சாவி ரகசியச் சொல்லைக் கேட்கிறது, சொல்ல ஆளில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு வேலை அங்கேயே செத்துவிடுகிறது.

ஸ்கிரிப்டுக்கென்றே தனியாக ஒரு சாவி செய்தேன். அதற்கு ரகசியச் சொல் கிடையாது. அதற்குப் பதிலாக, லிஸ்டை எடுப்பதைத் தவிர அந்தச் சாவியால் வேறு எதுவும் செய்ய முடியாதபடி கட்டிப் போட்டேன். காலை பதினோரு மணிக்கு ஓடும்படி குறித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு மணி ஆனதும் லிஸ்டு வந்தது. மூன்று மணிக்கு வைத்தேன், வந்தது. கேன்டீனுக்குப் போய் எனக்கு நானே ஒரு போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

இப்போது புகார் வேறு. அந்தப் பக்கம் பதிலே இல்லை என்றது. பதினோரு மணிக்குப் பதில் சொல்கிற வாணியம்பாடி ஆறரைக்கு மட்டும் ஏன் ஊமையாக வேண்டும்? டேனரி ஆபீசுக்குப் போன் செய்து கம்ப்யூட்டர் எப்போதும் ஆனில்தானே இருக்கும் என்று கேட்டேன். எடுத்தவர் ஒரு பெரியவர். "எப்பவும் ஆன்தாம்மா. அதெல்லாம் ஃபுல் ஆட்டோமேட்டிக்" என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்னவரை எப்படிச் சந்தேகப்படுவது?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் கையால் தட்டியபோதும் அது பல நாள் முதல் தட்டில் போகவில்லையே. தோசையைத் திருப்பிவிட்டு மறுபடி தட்டியதை நான் தோல்வி என்று நினைத்ததே இல்லை. மனுஷி ஐந்து தடவை தட்டிவிட்டு, போய்விட்டது என்பாள். ஸ்கிரிப்ட் ஒரு தடவை தட்டிவிட்டு, இல்லை என்று கையை விரித்துவிடும்.

எட்டு மாதத்தில் லிஸ்டு எத்தனை மணிக்கு வந்தது என்று எடுத்து ஒரு தாளில் எழுதினேன். ஜூன் மாதமெல்லாம் ஆறரைக்கு முதல் தட்டிலேயே வந்திருக்கிறது. செப்டம்பர் போன பிறகும் வந்திருக்கிறது. டிசம்பர் ஆரம்பத்தில் ஆறு முப்பத்திரண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் முப்பத்தைந்து. ஜனவரியில் முப்பத்தெட்டு, நாற்பது. நாளாக நாளாக ஏறிக்கொண்டே போகிறது. கம்ப்யூட்டருக்கு வயசாவது மாதிரி.

கணவர் அன்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். என் தாளை ஓரக்கண்ணால் பார்த்தவர், அதை இழுத்து வைத்துச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"இது சூரியன் உதிக்கிற நேரம்."

"இன்னாது?"

"ஜூன்ல சீக்கிரம், ஜனவரியில லேட்டு. ஒன்பதாங்கிளாஸ் பாடம். உன் கம்ப்யூட்டர் விடிஞ்சாதான் எழுந்திருக்குது" என்று சொல்லிவிட்டு என் தாளுக்குப் பத்துக்கு ஆறு மார்க் போட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சோலார்! டேனரிக்காரர்கள் மொட்டைமாடியில் சோலார் தகடு போட்டிருக்கிறார்கள், வெயில் பட்டதும் கம்ப்யூட்டர் உயிர் பெறுகிறது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மறுபடி போன் செய்தேன். அதே பெரியவர். "சோலாரா? இங்க மேல தோல்தாம்மா காயுது" என்றார்.

ஆபரேஷனுக்கு ஐந்து நாள் இருந்தது. இனிப் போனில் பேசிப் பயனில்லை என்று, ஒரு திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி வாணியம்பாடி பஸ் ஏறினேன். டேனரி வாசலில் இறங்கியபோது மணி ஆறு இருபது. கேட்டில் பெரிய பூட்டு. உள்ளே ஒரு விளக்கு இல்லை. ஃபுல் ஆட்டோமேட்டிக் கும்மிருட்டில் இருந்தது. நான் துப்பட்டாவால் காதைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

ஆறு முப்பத்தைந்துக்கு ஒரு மொபெட் வந்தது. தலையில் வெள்ளைத் தொப்பியும், நரைத்த தாடியும், அக்குளில் ஒரு நீள நோட்டும், கையில் சாவிக்கொத்துமாக ஒரு பாய் இறங்கினார். என்னை நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா? இன்னா வேணும்?" என்றார். போனில் கேட்ட அதே குரல். ஷூ கம்பெனி கம்ப்யூட்டர் மேடம் என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஆபீஸ் அறையைத் திறந்து, சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சை மேலே தள்ளினார். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, மூலையிலிருந்த கம்ப்யூட்டர் கொர்ரென்று முனகிக்கொண்டு கண்விழித்தது.

"பாய், இது எப்பவும் ஆன்னு சொன்னீங்களே?"

"ஆன்தாம்மா. நான் இருக்கறப்ப எப்பவும் ஆன். போறப்ப மெயினை எறக்கிடுவேன். ஒருதபா ஷார்ட்டாயி அந்த மூலை முழுக்க எரிஞ்சி பேஜாராய்டுச்சி. அதுல இருந்து முதலாளி ஆர்டரு. விடியகாலை ஃபஜர் நமாஸ் முடிச்சி, ஒரு டீ சாப்ட்டு, நேரா வந்து தட்டி விட்டுடுவேன்."

நான் பிறந்து வளர்ந்ததே ஆம்பூரில். எங்கள் தெருமுனைப் பள்ளிவாசலின் பாங்குச் சத்தத்தில்தான் தினமும் கண் விழிக்கிறேன். வெயில் காலத்தில் அது சீக்கிரம் வரும், குளிர்காலத்தில் தள்ளிப் போகும் என்பது கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்குத் தெரியும். நான் போய்ச் சோலார் தகட்டைத் தேடியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பாய் முன்னால் நன்றாக இருக்காது என்று விட்டேன்.

"கொஞ்சம் முன்னாடி ஆன் பண்ணா போதும் பாய். லிஸ்டு அதுவா ரெடியாய்டுது இல்ல, எடுக்கறதுதான் லேட்டாவுது" என்றேன்.

"லிஸ்டு நேத்து சாயங்காலமே அடிச்சி வச்சிட்டேனே" என்றார்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடிச்சி வச்சீங்களா? டிரம்ல இருக்கற மெஷினே லிஸ்டு எழுதிடும்னு சொன்னாங்களே?"

பாய் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அக்குளில் இருந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறந்தால் பக்கம் பக்கமாக டிரம் நம்பரும், லாட் நம்பரும், ஷேடும். சீராகக் கோடு போட்டு, பென்சிலில் எழுதியது.

"முதலாளி பையன் வெளிநாட்டுல இருந்து வந்து டிரம்முக்கு டிரம் ஸ்கிரீன் மாட்டிட்டுப் போனாரும்மா. மூணாம் நாளு சாயத்தண்ணி உள்ள பூந்து அத்தனையும் அவுட்டு. ரிப்பேர்க்காரன் வர்றேன் வர்றேன்றான், வர்ற மாதிரி தெரியல. பையன் போன் பண்ணி, எப்படி ஓடுது சாச்சான்னு ஆசையா கேட்டாரு. பொறந்ததுல இருந்து பார்த்த பையன். இல்லன்னு சொல்ல வாய் வரல. சூப்பரா ஓடுதுன்னுட்டேன். அன்னைல இருந்து ஆளுங்க எல்லாம் போனப்புறம் நானே உக்காந்து அடிக்கறேன்."

நான் அந்த நோட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கோபம் என்று நினைத்துவிட்டார்.

"தப்புதாம்மா. உங்க பக்கம் எவ்வளவு சுத்தமா மெஷின் ஓடுது! தினமும் தேங்க்ஸ் போடுது. ஒருநாள்கூட மறந்ததில்ல. நான் எங்க வீட்ல சொல்வேன், பாரு, மெஷினுக்கு இருக்கற மரியாதை மனுஷனுக்கு இல்லன்னு."

"அது நான்தான் பாய்."

"எது?"

"அந்த மெஷின்."

எட்டு மாதக் கதையை, தலையாட்டியதிலிருந்து தோசை வரைக்கும், ஒன்றுவிடாமல் சொன்னேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதலில் தாடிதான் ஆடியது. அப்புறம் தோள். அப்புறம் அறையே அதிர்கிற மாதிரி சிரித்தார். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, கல் இருந்த இடம் வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஃபுல் ஆட்டோமேட்டிக் என்று இரண்டு கம்பெனிகள் பீற்றிக்கொண்ட விஷயத்தில் ஆரம்பத்தில் ஒரு பாயும் முடிவில் ஒரு மேடமும் உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் மெஷின் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

டீ வரவழைத்தார். குடித்துக்கொண்டே ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன்.

"சனிக்கிழமையா? எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு."

"அன்னைக்கு நமாஸுக்கு முன்னாடியே வந்து சுவிட்சைப் போட்டுட்டுப் போறேம்மா."

"அதெல்லாம் வேணாம் பாய். ஆறரையில இருந்து ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதபா தட்டிக்கிட்டே இருன்னு ஸ்கிரிப்டுக்குச் சொல்லிடறேன். நீங்க எப்ப வந்தாலும் எடுத்துக்கும். அவசரமே இல்ல, நிதானமா வாங்க."

"கோவிச்சிக்காதா?"

"கோவிச்சிக்காது."

"அப்ப நம்ம ரெண்டு பேரை விட அதுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றார்.

அன்றே மாற்றினேன். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஆறு நாற்பதுக்கு லிஸ்டு அதுவாக வந்தது. வெள்ளிக்கிழமை டேனரிக்கு லீவு, லாரியும் இல்லை, லிஸ்டும் இல்லை. அந்த மூன்று நாள் தோசை கருகவில்லை. சமையலறையில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாமல் இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். என் போனைக் கணவரிடம் கொடுத்து, யாராவது லிஸ்டைப் பற்றிக் கேட்டால் "வந்துகிட்டே இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள், வேறு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆறு ஐம்பதுக்குத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது, "வந்துடுச்சா?" என்று கேட்டேன். அவர் போனைப் பார்த்துவிட்டு, "வந்துடுச்சி" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவருடைய காது மடல் சிவந்திருந்ததை வைத்தே வரவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்குள் வண்டியைத் தள்ளிவிட்டார்கள். மேலே விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் கர்த்தரை நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது மெயின் சுவிட்சை.

அதற்குப் பிறகு நடந்தது கணவர் சொல்லித்தான் தெரியும். ஏழு மணிக்கு மேனேஜர் போன். "சார், ஆட்டோமேட்டிக் வரலையே?" இவர், "வந்துகிட்டே இருக்கு சார்." ஏழு ஐந்துக்குக் கட்டிங் சூப்பர்வைசர். அவருக்கும் அதே பதில். "எங்க வந்துகிட்டே இருக்கு?" என்று அவர் மடக்க, ஒரு புவியியல் வாத்தியாரிடம் போய் எங்கே என்று கேட்கலாமா, "மாதனூர் தாண்டிடுச்சி" என்று இவர் சொல்லியிருக்கிறார். மாதனூர் ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற வழியில் இருக்கிறது. வாணியம்பாடி எதிர்த் திசை. நல்லவேளையாக ஏழு எட்டுக்கு லிஸ்டு வந்து சேர்ந்தது. லாரி வருவதற்கு முன்னால் வந்துவிட்டதால் ஒரு தோல்கூட மாற்றி வெட்டப்படவில்லை.

கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மேனேஜர் ஆப்பிளோடு வந்து பார்த்தார். "நீங்க இல்லாமலே எல்லாம் ஓடுது மேடம்" என்று மனசாரப் பாராட்டினார். அதைக் கேட்டு என் மூஞ்சி தொங்கிப் போனதைத் தையல் வலி என்று நினைத்துக்கொண்டார்.

லீவு முடிந்து போன முதல் நாள் மேஜைமேல் ஒரு படிவம் இருந்தது. எங்கள் கம்பெனியில் எது தவறினாலும் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடிவரைக்கும் போய்க் காரணத்தைப் பிடிக்க வேண்டும் என்பது மேனேஜரின் கொள்கை. பத்து நாளில் மற்றெல்லா நாளும் சரியாக வந்த லிஸ்டு, அந்தச் சனிக்கிழமை மட்டும் ஏன் அரை மணி பிந்தியது என்று கேட்டிருந்தார். ஸ்கிரிப்டின் பதிவைத் திறந்து பார்த்தேன். ஆறரையிலிருந்து பத்தொன்பது தடவை தட்டித் திரும்பி, இருபதாவது தட்டில் உள்ளே போயிருக்கிறது. பாய்க்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு மொபெட் பங்க்சரும்மா" என்றார். உடனே குரலைத் தாழ்த்தினார். "பங்க்சரெல்லாம் இல்லம்மா. உங்ககிட்ட இன்னும் இன்னா பொய். நமாஸ் முடிஞ்சி எல்லாரும் எழுந்து போய்ட்டாங்க. எனக்கு எழுந்திருக்க மனசு வரல. ஏழு மணிக்கு அந்தப் பொண்ணுக்கு வயித்துல கத்தி வைக்கறாங்களேன்னு நெனச்சி அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். டைம் போனது தெரியல. வேலையைக் கெடுத்துட்டேனா?"

எங்களுக்குள் ஒருநாள் ஒரு டீ குடித்த பழக்கம். என் கூடப்பிறந்தவர்கள் அந்த ஏழு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. "ஒண்ணும் கெடல பாய்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறெதையும் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

படிவத்தை எடுத்தேன். ஏன் தாமதம்? அந்தப் பக்கக் கம்ப்யூட்டர் ஆனில் இல்லை. ஏன்? ஆன் செய்கிறவர் வரவில்லை. ஏன்? அவருக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. ஏன்? ஒருவருக்கு உடம்பு சரியில்லை. ஐந்தாவது ஏனுக்கு அடியில் ஒரு கோடு மட்டும் போட்டேன். கடைசியாக, இது மறுபடி நடக்காமல் தடுக்க என்ன நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒரு கட்டம். பேனாவை அழுத்திப் பிடித்து, "எதுவும் எடுக்கப்பட மாட்டாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.